இடுப்பெலும்புக்கு ஒரு நாற்பது

நான் விழுந்தது பெரிய இடத்தில் இல்லை. மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். எங்கள் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வந்தவள், வழுக்கி, உட்கார்ந்த மாதிரியே பக்கவாட்டில் விழுந்தேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தேன். முடியவில்லை. 'என்னடா இது' என்று எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

கோபம் எனக்குப் பழக்கமான சாமான். மாத்தளையைச் சுற்றியுள்ள தமிழ்ப் பாடசாலைகளில் கணக்குப் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். கேள்வி கேட்டால் பிள்ளை எழும்பி நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டாலும் எழும்பி நின்று தெரியாது என்று சொல்ல வேண்டும். குந்தியபடியே முனகுகிற பிள்ளையை நான் விட்டதில்லை. "எழும்பி நில்லு!" என்று நான் போடுகிற சத்தம் பக்கத்து வகுப்பிலும் இரண்டு பிள்ளைகளை எழுப்பிவிடும் என்று மற்ற டீச்சர்மார் பகிடி பண்ணுவார்கள்.

பென்ஷன் எடுத்தபிறகு அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, என் வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் பல வருஷம். மகன் என்னோடு இருக்கிறான். ஊரில் எல்லாரும் நான் மகனோடு இருப்பதாகச் சொல்வார்கள், அது பிழை. மருமகள் நல்ல பிள்ளை. ஆனாலும் என் உடுப்பை நான்தான் கழுவுவேன், என் தேத்தண்ணியை நான்தான் ஊற்றுவேன். அல்லாஹ்விடம் நான் வீடு வாசல் என்று பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மௌத்து வரும்வரைக்கும் என் காலால் நடந்து கக்கூசுக்குப் போய், என் சுத்தத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குக் காரணம் என் உம்மா. கடைசிக் காலத்தில் அவர் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். கழுவி விடுவது என் வேலை. நான் தண்ணீர்ச் சட்டியோடு போனால் போதும், உம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வேலை முடியும்வரை திரும்ப மாட்டார். என்னை அவ்வளவு நேசித்த மனுஷி அந்த நேரத்தில் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அப்படி வேண்டாம் யா அல்லாஹ் என்று அன்றைக்கே கேட்டு வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, உடைந்தது தொடை எலும்பு இல்லை, இடுப்பு வளையத்தின் முன்பக்கம் ஒரு வெடிப்பு என்றார்கள். "அல்ஹம்துலில்லாஹ், வெடிப்புத்தானாம்" என்று மகன் குடும்ப குரூப்பில் போட்டான். எனக்கு வலித்தது முன்னாலா பின்னாலா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு இன்னொரு மெஷினுக்குள் தள்ளிப் பார்த்தபோதுதான் பின்பக்கமும் உடைந்திருப்பது தெரிந்தது. முதுகுத்தண்டு வந்து இறங்குகிற எலும்பு, உட்கார்ந்தால் தரையில் படுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே.

எலும்பு டாக்டர் சிங்களவர், என் மகன் வயதிருக்கும். நிதானமான ஆள். தன் இரண்டு கையையும் வளைத்து விரல்களைக் கோத்துக் காட்டினார். இது ஒரு வளையல், வளையல் ஒரு இடத்தில் மட்டும் உடையாது, இன்னொரு இடத்திலும் விட்டிருக்கும் என்றார். எனக்கு அந்த விளக்கம் பிடித்துப்போனது. நல்ல வாத்தியாராக வந்திருக்க வேண்டிய மனிதர். ஆனால் அவர் அதை விளக்கியது என் மகனுக்கு. நான் நடுவில் படுத்திருந்தேன், பேச்சு எனக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிங்களம் மகனைவிட நன்றாகவே தெரியும்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, பின்னால் உடைந்த இடத்தில் பக்கவாட்டாக நீளமான ஒரு ஸ்குரூ போட்டு இறுக்குவது. அதற்குக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். வயது, இரத்தத்தில் கூடுகிற சீனி வருத்தம், மயக்க மருந்து என்று அதில் பயமும் உண்டு. மற்றது, வெட்டாமல் விடுவது. வலிக்கு மருந்து கொடுத்து, வாக்கரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிட்டால் எலும்பு தானாகப் பொருந்தும், ஒரு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் போகும். இந்த வயதில் பெரும்பாலும் முதலில் வெட்டாமல்தான் பார்ப்போம். ஆனால் வலியில் எழும்பவே முடியவில்லை என்றால் சுணங்காமல் கொண்டுவாங்க, ஸ்குரூ போடுவோம். எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான், அம்மாவை எழுப்பிவிட வேண்டும். படுக்கையில் விட்டோம் என்றால், என்று தொடங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போகும்போது என் காலைத் தட்டி, "அம்மே, ஹரித?" என்று கேட்டார். சரியா என்று கேட்கிறார். "ஹரி" என்றேன். அந்த முடிவில் எனக்கிருந்த பங்கு அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் போனதும் மகனிடம் சொன்னேன். "மகன், ஆடுற பலகைக்கு ஆணி அடிக்கிறதுதானே முறை? கண்டிக்கே போவம்."

"உம்மா, நீங்க பேசாம இருங்க. நாங்க பேசிக்கிறோம்."

பேசினார்கள். கத்தாரில் இருப்பவர்களும் பேசினார்கள், கொழும்பில் இருப்பவர்களும் பேசினார்கள். என்னைக் கடைசியாக என் கல்யாணத்தில் பார்த்த ஒருவர்கூட குரல் பதிவு அனுப்பியிருந்தார். இந்த வயசுல போய் வெட்டுறதா, எங்க மாமாவ அப்படித்தான் உள்ள கொண்டு போனாங்க, வெள்ளத் துணியோடதான் வெளிய வந்தாரு. இப்படி. ஆக, வெட்டுவதில்லை என்று முடிவு. அதில் பிழை சொல்ல மாட்டேன், டாக்டரே முதலில் அப்படித்தான் பார்ப்போம் என்றார். பிழை வேறு இடத்திலிருந்து வந்தது.

வார்டில் நடை பழக்குகிற பிள்ளை ஒருத்தி வந்தாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான, தமிழ் பேசுகிற பிள்ளை. வந்ததும் போர்வையை இழுத்தாள். "டீச்சர், எழும்புவமா?" என்றாள். என் பழைய மாணவி இல்லை, ஆனால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வலி என்றால் அப்படி ஒரு வலி. பின்னால் யாரோ கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி. அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் சிரித்துக்கொண்டே, "ஏசுங்க, ஏசிக்கிட்டே நில்லுங்க" என்றாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலால் மலை தெரிந்தது. கட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனேன், அழுதுகொண்டே போனேன், ஆனால் போனேன். காலையும் பின்னேரமும் கட்டாயம் நடக்க வைக்க வேண்டும் என்று மகனிடம் சொன்னாள். படுத்தபடியே இருந்தால் எலும்புக்கு முன்னால் சதை போய்விடும் என்றும் சொன்னாள். மகன் தலையாட்டிக்கொண்டே அதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வீடியோதான் என்னைக் கெடுத்தது. நான் கத்துவதைப் பார்த்துக் குரூப்பில் எல்லாருக்கும் கண்ணீர். பாவம், வயசான மனுஷிய இப்படியா வதைக்கிறது, ஈவிரக்கம் இல்லையா, சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போங்க என்று ஒரே புலம்பல். நான் நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது பல்லேபொலவிலிருந்து என் ராத்தா வந்து, என் அறையில் பாய் விரித்து வைத்திருந்தாள். ராத்தா என்றால் என்னுடைய மூத்த சகோதரி, எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே மூத்த ஆள். அவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் நாற்பது பார்த்தது அவள்தான். நாற்பது நாளைக்குத் தாயைக் கட்டிலைவிட்டு இறங்கவிட மாட்டாள். இடுப்பைச் சுற்றி நீளத்துணியை இறுக்கிக் கட்டுவாள், மிளகும் வெள்ளைப்பூண்டும் அரைத்துக் காய்ச்சிய காயத்தை ஊட்டுவாள், எண்ணெய் தேய்ப்பாள், வாசற்படியைத் தாண்ட விடமாட்டாள். மகன் பிறந்தபோது எனக்கு இரத்தம் போய் நான் பிழைப்பேனா என்றிருந்தது. என்னை மீட்டு நடக்கவைத்தது அவளுடைய கைதான். அதை நான் மறந்தால் எனக்கு நன்றி கிடையாது.

மகன் அவளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னான். இடுப்பெலும்பு, ஆறு கிழமை, தானாகப் பொருந்தும்.

ராத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆறு கிழமைன்னா எத்தன நாள்? நாப்பது தானே! பாத்தீங்களா, படிச்ச டாக்டரும் எங்கட உம்மா சொன்னதத்தான் சொல்றாரு. பிள்ள பெத்தா விரியிறது எந்த எலும்பு? இதே எலும்பு. அதுக்கும் நாப்பது, இதுக்கும் நாப்பது."

"நாப்பத்திரெண்டு" என்றேன் நான்.

"கணக்கு டீச்சர்ட வாயப் பாரு! இடுப்பு ஒடஞ்சும் வாய் ஒடையல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலையெழுத்து அந்தச் சிரிப்போடு எழுதி முடிந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே தொடங்கிவிட்டாள். ஜன்னல் சாத்தியாகிவிட்டது, காற்றுப் பிடிக்குமாம். இடுப்பைச் சுற்றித் துணி இறுகியது. மிளகுக் காயம் வந்தது. பிள்ளை இல்லாத பிள்ளைப்பேற்றுக்காரியாக நான் நடுவில் கிடந்தேன். கக்கூசுக்குப் போவதற்கு எழும்பப் பார்த்தால் மருமகள் பெட்பேனோடு ஓடி வந்தாள். "மாமி, நீங்க அசைய வேணாம், நான் இருக்கேன் தானே." வாக்கர் எங்கே என்று கேட்டேன். பின்னால் பழைய சாமான் அறையில் வைத்திருக்கிறார்களாம். கண்முன்னால் இருந்தால் எனக்கு எழும்பத் தோன்றுமாம்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு, மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

"ஆஸ்பத்திரில கட்டிலுக்குத் தட்டுப்பாடு. எல்லாரையும் எழுப்பி விரட்டத்தான் பாப்பாங்க" என்றாள் ராத்தா. மகன் என் போர்வையைச் சரிசெய்துவிட்டான். அவன் நல்ல பிள்ளை. என் கத்தலைக் கேட்கச் சகிக்காத பிள்ளை. நான் கொஞ்சம் நிமிர்ந்தால் வலியில் கத்துவேன், கத்தினால் அவன் வந்து என் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்கவைப்பான். என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

உள்ளதைச் சொல்கிறேன், படுத்தால் எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. அசையாமல் கிடந்தால் வலி அடங்கிவிடும். மருந்து, மிளகுக் காயம், தூக்கம். ராத்தா உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பாயில் கிடந்தது ஞாபகம் வரும். வலி அடங்கியதைப் பார்த்து எல்லாரும் குணமாகிறது என்றார்கள். வலி இல்லாததும் குணமாவதும் ஒன்றா? கணக்கில் இந்த மாதிரி ஒரு பிழை விட்டால் நான் முழுப் புள்ளியையும் வெட்டியிருப்பேன்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எங்கள் ஆட்களுக்கு நோயாளியைப் பார்ப்பது நன்மையான காரியம், அதை ஒருவரும் விடமாட்டார்கள். மால்ட் போத்தல், பிஸ்கட், கோழிக்குழம்பு. வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசுவார்கள். நான் மரியாதைக்குத் தலையைத் தூக்கினால் போதும், அத்தனை பேரும் ஒரே குரலில் "எழும்ப வேணாம், எழும்ப வேணாம்!" என்பார்கள். என் வாழ்க்கையில் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன அத்தனை 'எழும்பு'வுக்கும் பதிலாக எனக்கு அது திரும்பக் கிடைத்தது.

கிளினிக்குக்குக் குறித்த நாள் அந்த நாற்பதுக்குள் வந்தது. ராத்தா ஒரே பிடியாக நின்றாள். "நாப்பது முடியாம வாசப்படி தாண்டவா? ஏலவே ஏலாது." மகனுக்கும் த்ரீவீலைப் பற்றிப் பயம். "ரோடும் மோசம் உம்மா. குலுக்கின குலுக்கல்ல ஒட்டின எலும்பு விலகிட்டா?" ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணித் தேதியைத் தள்ளிப்போட்டான். அவன் சொன்னது புத்தியான பேச்சாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் புத்தி கெட்டுப் பேசவில்லை. எழும்ப முடியாவிட்டால் சுணங்காமல் கொண்டுவா என்று டாக்டர் சொன்னாரே என்று கேட்டேன். "எழும்ப ஏலாமலா இருக்கீங்க? நாங்கதானே எழும்ப விடல்ல" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மகன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். மருமகள் சமையலறையில். ராத்தா பக்கத்து அறையில் தொழுதுகொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று போர்வையைத் தள்ளினேன். இரண்டு காலையும் கையால் தூக்கித் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டேன். என் தொடையைப் பார்த்து எனக்கே யாருடையது என்றிருந்தது, தோல் தொங்கிப்போயிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு உந்து. நின்றுவிட்டேன். கத்தி திருகியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நின்றேன். ஒரு ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தும் விட்டேன், வெயில் முகத்தில் பட்டது.

தொழுகையை முடிக்கிற ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பின ராத்தா கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டாள். வீடு தீப்பற்றினால்கூட அப்படிக் கத்தமாட்டாள். ஓடி வந்து என் இடுப்போடு கட்டிப்பிடித்தாள். இரண்டு கிழவிகளும் கட்டிலில் விழுந்தோம். "என்ன விட்டுட்டுப் போகப் பாக்குறியாடி? எனக்கு வேற யாரு இருக்கா?" என்று என் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். தொழுகைத் துணி முழுக்க ஈரம். நம்மை வெறுக்கிறவரோடு சண்டை பிடிக்கலாம். இவளோடு எப்படிப் பிடிப்பது? அன்றிலிருந்து அவள் பாயைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். நான் கால் அசைத்தால் அவள் கை வந்து அதன்மேல் விழும்.

அதற்குப் பிறகு நான் எழும்பப் பார்க்கவில்லை. முதலில் கோபம் போனது, பிறகு பசி போனது. இருமல் வந்தது. இருமினால் சளியைத் துப்பவும் பலம் இல்லை. பின்னால் ஒரு இடம் எரிகிறது என்று சொன்னேன். உடைந்த இடம்தானே, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ராத்தா அதற்கும் எண்ணெய் தடவி, துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

நாற்பது முடிந்த அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி. பால்சோறு ஆக்கினார்கள். பல்லேபொலவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். நாற்பது முடிந்தால் குளிப்பு, குளிப்பு முடிந்தால் தாய் எழும்பி நடந்து வருவாள், எல்லாரும் ஸலாம் சொல்வார்கள், அதுதான் முறை. மஞ்சளும் இலைகளும் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார்கள். ராத்தா துஆ ஓதிக்கொண்டே துணியை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. கடைசிச் சுற்று வரவில்லை, ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பிரித்தபோது மருமகள் ஒரு தரம் "அல்லாஹ்!" என்றாள். பிறகு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. அவர்களுடைய முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு சின்னக் கிண்ணம் வைக்கலாம் போல குழி விழுந்திருந்ததாம், பிறகு மருமகள்தான் சொன்னாள்.

"எழும்பு புள்ள" என்றாள் ராத்தா. "நாப்பது முடிஞ்சிடுச்சி. இனி எழும்பலாம். எழும்பி நில்லு."

நின்று பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்கு கைகள் தாங்கிப் பிடித்தன. என் கால் இரண்டும் என்னுடைய பேச்சைக் கேட்கவில்லை. வலி இருந்தது, அன்றைக்கு இருந்த அதே வலி, கொஞ்சமும் குறையவில்லை. அதைத் தாங்குகிற சதைதான் இல்லை. மடிந்து ஈரத் தரையில் விழப்போனவளைத் தூக்கிக் கதிரையில் போட்டார்கள். முன் அறையில் ஸலாம் சொல்லக் காத்திருந்தவர்கள் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கிளினிக்கில் அதே டாக்டர். புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். முன்பக்கம் ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் ஒட்டவில்லை, வளையம் சரிந்துவிட்டது என்றார். அப்போ ஸ்குரூ போடுங்க டாக்டர், கண்டிக்கே கொண்டு போறோம், எவ்வளவு சுணங்கினாலும் பரவாயில்லை என்று மகன் கெஞ்சினான். அன்றைக்கு நான் கேட்டதை இன்றைக்கு அவன் கெஞ்சினான். டாக்டர் என்னைத் திருப்பிப் போட்டுப் புண்ணைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு இல்லை என்று தலையாட்டினார். இந்தப் புண்ணை வைத்துக்கொண்டு பக்கத்தில் வெட்ட முடியாது, கிருமி நேரே எலும்புக்குள் போகும். இந்த நெஞ்சுக்கு மயக்க மருந்தும் கொடுக்க முடியாது. கொடுத்து ஸ்குரூ போட்டாலும் நிற்பதற்குக் காலில் ஒன்றும் இல்லை. முதல் கிழமைகளில் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் முதல் தடவையாக ஒரு 'ஹரித'வுக்கு மேல் என்னிடம் நேராகப் பேசினார். "நீங்கள் படித்த ஆள் என்று சொன்னார்கள் அம்மா. நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கோபம், நல்ல சூட்டோடு. "சொன்னேன் டாக்டர்" என்றேன் சிங்களத்தில். "நீங்கள் உட்பட எல்லாரும் என் மகனோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்." அவர் கையைக் கழுவிவிட்டு, புண்ணுக்கு மருந்து கட்டுவதைப் பற்றி எழுதத் தொடங்கினார். என்ன பிரயோசனம்? பதில் சரியாக இருந்தும் சோதனை முடிந்த பிறகு எழுதிய பதில்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து ராத்தா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து எழும்பி வந்தாள். "என்னவாம் மகன்?"

மகனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. "புண் ஆறட்டுமாம் பெரியும்மா. பிறகு பாப்பமாம்."

"அவ்வளவுதானே?" என்றாள் ராத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள். "பயப்படாத. அப்ப இன்னொரு நாப்பது வெச்சுப் பாப்பம்."

இன்றைக்கு அதுவும் முடிந்து, அதற்கு மேலும் போய்விட்டது. புண் ஆறவில்லை. ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது, யாரும் சாத்துவதில்லை. வாக்கரையும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், இனி அதைப் பார்த்து எனக்கு எழும்பத் தோன்றினாலும் பயமில்லை என்று. படுத்தபடியே ஃபோனைப் பிடித்து ஒரு விரலால் தட்டித்தான் இதை எழுதுகிறேன். நாலைந்து வரி, ஒரு பந்திக்கு மேல் எழுதினால் கை கனக்கிறது. துஆவில் அந்த ஒன்றைக் கேட்பதையும் விட்டுவிட்டேன். கொடுக்காததைத் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதையில்லை.

போன கிழமை மகன் பார்மசிக்குப் போய் இரண்டு பைகளோடு வந்தான். பெட்பேனில் தூக்கி வைப்பதால் புண் உரசுகிறதாம், இனி இதுதான் நல்லது என்று மருந்து கட்ட வருகிற மிஸ் சொல்லிவிட்டாராம். பெரியவர்களுக்கான டயப்பர். இரண்டு விதம் இருந்ததால் இரண்டிலும் ஒவ்வொரு பை வாங்கி வந்திருந்தான். ஒன்று நீலப் பை, பக்கத்தில் ஒட்டுவது. மற்றது பச்சைப் பை, காற்சட்டை மாதிரி மாட்டுவது. மருமகள் இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து விரித்து, தடவிப் பார்த்தாள். ராத்தா நீலம் மெத்தென்று இருக்கிறது என்றாள். மருமகள் பச்சை கழற்ற லேசு என்றாள். கொஞ்ச நேரம் அவர்களுக்குள் வாதம் நடந்தது.

மகன் கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தான். இரண்டு பையையும் என் கண்ணுக்கு முன்னால் பிடித்தான்.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்றான். "உம்மாட விஷயம், உம்மாவேதான் சொல்லணும். சொல்லுங்க உம்மா. உங்களுக்கு எது வேணும்?"

மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நான் சொல்லும்வரை காத்திருந்தார்கள்.

"பச்சை" என்றேன். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.